மாநில அரசு மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்கா? கொஞ்சம் பொறுங்கள்

அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் மாநில அரசுத் துறைகளிலும் வேலை பார்ப்பவர்கள், நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் வழக்கைப் பறிகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன நடந்தது என்று நீதிபதி விசாரிப்பதற்கு முன்பே, அரசியல் சாசனத்தின் 11-வது திருத்தத்தைக் காட்டி மாநிலத்தின் வக்கீல் தள்ளுபடி கேட்பார். மாநிலத்தின் மீது ஃபெடரல் கோர்ட்டில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், தனிநபர் வழக்குப் போடுவதைத் தடுப்பது அது. பெரும்பாலும் கிடைத்தும் விடும்.

அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலத்தில் சரக்கு கொடுத்த வியாபாரிக்கு ஜார்ஜியா மாநிலம் பணம் தரவில்லை. வழக்குப் போடலாம் என்று 1793-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் மாநிலங்கள் பதறின. 1795-ல் திருத்தம் வந்துவிட்டது. வேறு மாநிலத்தவரையும் வெளிநாட்டவரையும்தான் அது தடுக்கிறது. சொந்த மாநிலத்துக்காரருக்கும் அதே தடையை 1890-ல் நீதிமன்றமே சேர்த்துக்கொண்டது.

எந்தச் சட்டத்தின் கீழ் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன, பாலினப் பாகுபாடு என்றால் மாநிலத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். வயதைக் காரணம் காட்டி நீக்கினால் முடியாது (2000 தீர்ப்பு). உடல் குறைபாட்டைக் காட்டி வேலையில் ஒதுக்கினாலும் முடியாது (2001 தீர்ப்பு). அம்மாவைக் கவனிக்க லீவு மறுத்தால் வழக்கு நிற்கும். உங்களுக்கே உடம்பு முடியாமல் கேட்ட லீவு என்றால் நிற்காது. இரண்டும் ஒரே சட்டம்! நோயாளிக்கு இதை எப்படி விளக்குவது?

மோசமான பொறி காலக்கெடு. மினசோட்டா பல்கலைக்கழக ஊழியர்கள் வயதுப் பாகுபாடு வழக்கை ஃபெடரல் கோர்ட்டில் போட்டார்கள், மாநிலச் சட்டப் புகாரையும் சேர்த்து. தள்ளுபடி ஆனது. சரி என்று மாநில நீதிமன்றத்துக்குப் போனால், கெடு முடிந்துவிட்டது என்றார்கள். ஃபெடரல் கோர்ட்டில் கழிந்த காலம் கணக்கில் கழிக்கப்படாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் முதல் நாளே வக்கீலிடம் கேளுங்கள்: "மாநில நீதிமன்றத்தில் எனக்கு எத்தனை நாள் இருக்கிறது?" நியூயார்க் மாநிலத்தின் மீது கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கு நஷ்டஈடு கேட்க, 90 நாளுக்குள் நோட்டீஸாவது கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் காயத்துக்கு 6 மாதம்.

வழி இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 1908 தீர்ப்பின்படி, ஃபெடரல் சட்டத்தை மீறும் அதிகாரியின் பெயரிலேயே வழக்குப் போட்டு, இனிமேலாவது ஒழுங்காகச் செய்ய உத்தரவு வாங்கலாம். வேலையைத் திரும்பக் கேட்பதும் இதில் அடங்கும். பழைய பாக்கி வராது. இல்லினாயில் முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் உதவித்தொகையை இழுத்தடித்தார்கள். விட்டுப்போன தொகையைக் கேட்டபோது 1974-ல் முடியாது என்று தீர்ப்பு வந்தது.

நகராட்சி, கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), பெரும்பாலான பள்ளி வாரியங்களுக்கு இந்தக் கவசம் கிடையாது. அதனால் உங்களை வேலைக்கு வைத்தது உண்மையில் யார், தீர்ப்பு வந்தால் யார் கஜானாவிலிருந்து பணம் போகும் என்று முதலில் பாருங்கள். அப்புறம், வேலைப் பாகுபாடு என்றால் இஇஓசி-யில் (வேலைப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் ஃபெடரல் அமைப்பு) புகாரை 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள், பதிவு செய்துவிடுங்கள். ஃபெடரல் அரசே மாநிலத்தின் மீது வழக்குப் போட்டால் 11-வது திருத்தம் குறுக்கே நிற்காது.