முட்டைக்குள் வளரும் குளவி

காலபோகப் பயிர் முழங்காலளவு வந்த நேரம். பரந்தன் பக்கம் ஒரு வயல் வரம்பில் நடந்தபோது, நெல் இலை நுனியில் பழுப்பு மயிர் போர்த்திய சிறு திட்டு ஒன்று கண்ணில் பட்டது. மஞ்சள் தண்டு துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் முட்டைக்குவியல். பொரித்தால் புழு தண்டுக்குள் இறங்கிவிடும். நடுக்குருத்து காயும், கதிர் வரும் பருவமென்றால் மணி பிடிக்காத வெண்கதிராகப் போகும்.

"மருந்தடிக்க வேண்டியதுதான் தம்பி" என்றார் வயல்கார அண்ணை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று இலை நுனியைக் கிள்ளி ஒரு போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டினேன். சில நாளில் உள்ளே கொஞ்சம் புழுக்கள் ஊர்ந்தன. கூடவே, தூசியென்று தட்டிவிடக்கூடிய அளவில் குளவிகளும் இருந்தன.

இப்படி முட்டைகளைத் தேடிப்போகும் குளவிப் பேரினங்களில் பெயர்பெற்றது டிரைக்கோகிரம்மா. 200க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. நீளம் அரை மில்லிமீற்றர் அளவுதான். ஆசிய நெல் வயல்களில் வேலை செய்வது டிரைக்கோகிரம்மா ஜப்போனிக்கம். கரும்புத் துளைப்பான்களின் முட்டைகளைத் தேடுவது கிலோனிஸ். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தே இனம் பிரிக்கலாம் என்று நாகர்கட்டி, நாகராஜா என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 1971இல் தெளிவாகக் காட்டினார்கள்.

பெண் குளவி செய்யும் வேலைதான் எனக்குப் பெரிய வியப்பு. முட்டை மேல் ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டி நடக்கிறது. ஓரத்திலிருந்து ஓரம் போக எடுக்கும் நேரத்தை வைத்தே முட்டையின் பருமனை மட்டிடுகிறது. பெரிய முட்டையென்றால் பல பிள்ளைகளுக்கு இடமுண்டு, சிறியதென்றால் ஒன்றுக்குத்தான். அப்புறம் ஊசிபோன்ற உறுப்பால் ஓட்டைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே விடுகிறது. பொரிக்கும் குளவிக்குஞ்சு அந்துப்பூச்சியின் கருவைத் தின்றே வளரும். மூன்று நான்கு நாளில் முட்டை கறுக்கும். எங்கள் வெக்கைக்கு ஒரு வாரம், பத்து நாளில் குளவி துளையிட்டு வெளியே வரும்.

கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். சில வகைகளில் வொல்பாக்கியா என்ற பக்றீரியா உள்ளே இருந்து கருவுறாத முட்டையையும் பெண்ணாக்கிவிடுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் மறுபடி ஆண் பிறப்பதை 1990இல் கண்டார்கள்.

சரி, போத்தலில் புழுவும் ஏன் வந்தது? தண்டு துளைப்பான் முட்டைகளை அடுக்கடுக்காக இட்டு மயிரால் மூடுகிறது. இந்தச் சின்னக் குளவிக்கு அடியிலுள்ள முட்டை எட்டுவதில்லை. டெலினோமஸ் என்ற வேறொரு குளவி, தாய்ப்பூச்சி முட்டையிடும்போதே பக்கத்தில் நின்று, மயிர் மூடுமுன் தன் வேலையை முடித்துவிடும்.

மருந்து அடித்தால் வெளியே திரியும் குளவிதான் முதலில் சாகும். தண்டுக்குள் இறங்கிய புழுவுக்கு மறைப்பு இருக்கிறது. அதனால் முட்டைக்குவியல்களைக் கிள்ளி ஒரு சிரட்டையில் இட்டு, அதைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வரம்பில் வைக்கச் சொன்னேன். புழு தண்ணீரைத் தாண்டாது. குளவி பறந்து வயலுக்கே திரும்பும்.