ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள்

போன வாரம் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அதுவரை சரி. அப்புறம், டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா பார்ப்போம் என்று எஞ்சின் ஓடும்போதே உறவுக்காரர் ஒருவர் நெகட்டிவ் டெர்மினலை உருவிவிட்டார். எஞ்சின் நின்றது, நின்றதுதான். பட்டறையில் சோதித்தால் ஈசிஎம், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், போயிருக்கிறது. முதலில் இருந்த கோளாறு, பாசிட்டிவ் டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தது மட்டுமே. கொஞ்சம் வெந்நீரும் ஒரு கரண்டி ஆப்பச்சோடாவும் போதுமாக இருந்த வேலை.

இந்த வருஷம் இதே காரணத்துக்காக என்னிடம் வந்த மூன்றாவது வண்டி இது. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

"அப்பா அம்பாசடர் வச்சிருந்தப்போ இப்படித்தான பாப்பாரு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்திருப்பார். கார்புரேட்டரும் பாயிண்டும் வைத்து ஓடிய அந்த வண்டியில் கருகிப்போக எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. இன்றைக்கு எஞ்சின், ஏர்பேக், ஸ்டியரிங், மீட்டர் போர்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. நாம் இன்னும் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். பேச்சிப்பாறை அணைச் சானலில் வெள்ளம் பாய்ந்து வரும்போது மடையைப் பட்டென்று அடைத்துப் பாருங்கள், கரை என்ன ஆகும்? டெர்மினலை உருவும்போது அதுவே நடக்கிறது. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரித்துக் குறைப்பதற்குள், கண் சிமிட்டும் நேரத்தில், 14 வோல்ட் இருந்த இடத்தில் 80 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகலாம். கேபிள் போட்டு எடுத்த வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம். காலியான பேட்டரி அப்போதுதான் முழு வேகத்தில் சார்ஜ் இழுத்துக்கொண்டிருக்கும்.

இத்தனை ஆபத்துக்கும் அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியப்போவதில்லை. உள்ளே ஒரு டயோடு போன ஆல்டர்னேட்டரிலும் எஞ்சின் நிற்காமல் ஓடலாம், ஆனால் பேட்டரி சரியாக நிறையாமல் போகலாம். நல்ல ஆல்டர்னேட்டர் இருக்கும் வண்டி நின்றும் போகலாம். ஓடினாலும் நின்றாலும் நீங்கள் எடுக்கும் முடிவு தப்பாக இருக்கலாம்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்கும் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம். ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. புது மாடல்களில் கம்ப்யூட்டரே அளவைக் குறைத்துக் கூட்டும், அதனால் ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டுவிட்டுப் பாருங்கள். இப்படிப் பார்க்க ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்கும்போது பேட்டரியில் வைத்துவிடாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

காதையும் பயன்படுத்துங்கள். டக்டக்டக் என்று வேகமாக அடித்து லைட் மங்கினால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. லைட் பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் டீசல், பெட்ரோல், சாவியில் இருக்கும் சிப் மாதிரி வேறு விஷயம். அதற்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தேங்காய்ப்பட்டணம், முட்டம், குளச்சல் என்று கரையோரம் நிற்கிற வண்டியை உப்புக்காற்று சும்மா விடாது. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு தடவை நனைக்கின்றன. டெர்மினல் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பூத்திருக்கும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் கறுப்பு வயரை நெகட்டிவ் குமிழில் வைத்தபடி, சிவப்பு வயரை முதலில் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும் பிறகு அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எர்த்துக்கும் இதே முறைதான்: பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினின் வெறும் உலோகத்துக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் அரித்திருக்கிறது. இந்த எர்த் கோளாறுக்காக நல்ல செல்ஃப் மோட்டாரை மாற்றிய வண்டிகள் என் பட்டறைக்கு நிறைய வருகின்றன.

சுத்தம் செய்யும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஆப்பச்சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. காய்ந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். பீடி, சிகரெட், ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி தட்டிப் பார்ப்பது எதுவும் அங்கே வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். வெடித்தால் ஆசிட் முகத்தில்தான் தெறிக்கும். கேபிள் போடும்போதும் கடைசி கிளிப்பை, டவுனான வண்டியின் எஞ்சின் உலோகத்தில் பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள்.

கல்ஃபில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மாவையோ தம்பியையோ தினமும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லாதீர்கள். செல்ஃப் இழுத்ததுகூட அந்த நேரத்தில் முழுதாகத் திரும்பி ஏறாமல் போகலாம். வாரம் ஒரு தடவை அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆளில்லை என்றால், ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு எஞ்சினை அணைத்துவிட்டு நெகட்டிவைக் கழற்றி வைத்துப் போங்கள். டிக்கியில் பேட்டரி இருக்கும் வண்டியாக இருந்தால், டிக்கியைச் சாவியால் திறக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒரே ராத்திரியில் இறங்கிவிடுகிறதா? வண்டி அணைந்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரம் குடிக்கிறது. வெளியில் வாங்கி மாட்டிய கேமரா, ஜிபிஎஸ், மியூசிக் சிஸ்டத்தில் ஆரம்பியுங்கள். அதற்கு மேல் தேட வேண்டும் என்றால் வண்டியைக் கொண்டுவாருங்கள். வர முடியாவிட்டால், செல்ஃப் அடிக்கும் சத்தமும் மீட்டர் போர்டு லைட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனில் ஒரு வீடியோ எடுத்து, உங்கள் எலெக்ட்ரீஷியனுக்கு அனுப்புங்கள்.