பணம் கைமாறாத பரிமாற்றமும் ஒப்பந்தமே

உரிமையியல் வழக்குகளுக்காக என்னிடம் வருவோரில் சிலர், "இதில் பணமே கைமாறவில்லை, வழக்குத் தொடர முடியுமா?" என்ற கேள்வியோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தாராளமாகத் தொடரலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மறுபயன், அதாவது ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது, பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்குப் பொருளும், பொருளுக்கு வேலையும் சட்டத்தின் கண்ணில் முழுமையான ஒப்பந்தங்களே. எவ்வளவு தொகைக்கு வழக்குத் தொடர்வது என்பதில்தான் சிக்கல்.

கொத்தனார் ஒருவர் அச்சக உரிமையாளரின் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுக்கிறார். ஈடாக, கொத்தனார் மகளின் திருமண அழைப்பிதழ்களை அச்சிட்டுத் தருவதாகப் பேச்சு. சுவர் எழுந்துவிடுகிறது, அழைப்பிதழோ உரிய நாளில் வரவில்லை. இத்தகைய தகராறுகளில், தான் செய்த வேலையின் மதிப்பை ஒருவர் கூட்டியும் மற்றவர் குறைத்தும் சொல்வார். இரண்டில் எது சரி என்று காட்ட எந்தத் தாளும் இருக்காது. தெரிந்தவர்களுக்குள் விலை பேசுவது மரியாதைக் குறைவு என்ற தயக்கமே இதற்குக் காரணம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், நல்ல உறவுகள் இதனாலேயே நீதிமன்ற வாசலில் முறிவதைப் பார்ப்பது வேதனை தருகிறது. யார் எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், ஒவ்வொன்றின் ரூபாய் மதிப்பு என்ன, தர இயலாவிட்டால் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்பவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். வாட்ஸ்அப்பில் இதே விவரத்தை அனுப்பி, 'சரி' என்று மறுமொழி பெற்று, அழிக்காமல் வைத்திருப்பதும் உதவும்.

தொழில் நடத்துவோருக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஜிஎஸ்டி சட்டம் பண்டமாற்றையும் பரிமாற்றத்தையும் வெளிப்படையாகவே வரிக்குரிய 'வழங்கல்' என்பதற்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே, பதிவு பெற்ற இரு நிறுவனங்கள் தம் சேவைகளை மாற்றிக்கொண்டால், கணக்கு நேராகிவிட்டது என்று விட்டுவிடாமல், ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சந்தை மதிப்பில் விலைப்பட்டியல் எழுத வேண்டும். பழைய கைப்பேசியைக் கொடுத்து, மேற்கொண்டு 20,000 ரூபாய் செலுத்திப் புதியதை வாங்கும்போது, பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் அதன் விலை 24,000 ரூபாய் என்றால், வரிக்குரிய மதிப்பு 24,000 ரூபாயே என்று ஜிஎஸ்டி விதி 27இல் எடுத்துக்காட்டே தரப்பட்டுள்ளது.

வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வோர் பதிவுச் சான்றில் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது நிலப் பரிமாற்றம். கிணற்றை ஒட்டிய காணி ஒருவருக்கும், பாதையை ஒட்டிய காணி மற்றவருக்கும் வசதி என்று பங்காளிகள் வாய்மொழியாக மாற்றிக்கொண்டு, தலைமுறைக் கணக்கில் பயிர் செய்துவருகிறார்கள். பெரியவர்கள் இருக்கும்வரை சிக்கலில்லை. அவர்கள் காலத்துக்குப் பின், வாரிசு ஒருவர் வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ ஆவணத்தை எடுக்கும்போதுதான், தாம் உழும் நிலம் ஆவணப்படி வேறொருவருடையது என்று தெரியவருகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 118ஆவது பிரிவு, பரிவர்த்தனையும் (சொத்துக்குச் சொத்து மாற்றிக்கொள்வதும்) விற்பனைக்குரிய முறைப்படியே நடக்க வேண்டும் என்கிறது. அதாவது, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்துக்குப் பதிவு செய்த பரிவர்த்தனைப் பத்திரம் தேவை. முத்திரைத் தீர்வை, இரண்டில் மதிப்புக் கூடிய சொத்தின் பேரில் கணக்கிடப்படுகிறது. இந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் வாய்மொழியோடு நின்றுவிடுகிறார்கள். பின்னாளில் வழக்குக்கு ஆகும் செலவோ இதை மிஞ்சிவிடுகிறது.

பத்திரம் எழுதும் முன், காசு கொடுத்து வாங்கும்போது பார்ப்பதுபோலவே, எதிர்த்தரப்பு நிலத்தின் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். பெற்ற நிலம் உரிமைக் குறையால் பறிபோனால், 119ஆவது பிரிவின்படி நட்டஈடு கேட்கலாம். கொடுத்த நிலத்தையே திரும்பவும் கேட்கலாம். ஆனால், எதிர்த்தரப்பினர் அதை வேறொருவருக்கு விலைக்கு விற்றிருந்தால் நிலம் திரும்பாது, நட்டஈடு மட்டுமே கேட்க முடியும்.