செத்தவரைக் கோப்பிக்கடைல உக்கார வைக்காதீங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல உக்காந்து நாவல் எடிட் பண்றதுதான் என் பொழப்பு, ரப்பர் தோட்டத்துக் கதைன்னா உசுரு, ஆனா நேத்து வந்தத படிச்சிட்டு பென்சில கீழ வெச்சிட்டேன். இந்த வருஷம் இது மூணாவது. 1949 ஆகஸ்ட்ல தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி கோப்பிக்கடைல உக்காந்து கதாநாயகனுக்கு யூனியன் பத்தி புத்தி சொல்றார். அவர புடு ஜெயில்ல தூக்குல போட்டது 1949 மே 4.

எழுதின தம்பிக்கு போன் பண்ணா "நாவல்தானக்கா, கற்பனைதானே"ங்கிறான். இத கேட்டாலே பத்திக்கிட்டு வருது. கற்பனை உங்க கதாநாயகன் முனியாண்டிக்குப்பா, கணபதிக்கு இல்ல. முனியாண்டி தோட்டத்துல எந்த லயத்து வீட்டுல பொறந்தான், எவள இழுத்துட்டு ஓடினான், உங்க இஷ்டம். கணபதி செத்த தேதி உங்க இஷ்டமா? படிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், நந்தினி கல்கியோட கற்பனைன்னு சொன்னா இன்னும் சண்டைக்கு வர்ற ஆளுங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. அதுவாவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கதை. 1948 ஜூன் 16-ல மூணு வெள்ளைக்காரத் தொரைமார சுட்டது நம்ம ஊர்த் தோட்டங்கள்லதான், அந்தக் காலத்து கிராணி (தோட்டத்து கிளார்க்), கங்காணி பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் நம்ம மார்க்கெட்ல மீன் வாங்குறாங்க.

அதனால காட்டிக்கொடுத்தவன், பொம்பள விஷயத்துல மாட்டினவன் எல்லாம் நீங்களே படைச்ச ஆளா இருக்கட்டும். செத்தவர்தானேன்னு நிஜப் பேர போடாதீங்க, குடும்பத்த புண்படுத்தணும்னு எழுதினா செத்தவங்க விஷயத்துலயும் அவதூறு ஆகலாம்னு மலேசியக் குற்றச் சட்டம், பினல் கோட் 499-லயே இருக்கு.

அப்புறம் நேதாஜி. அவர் சிங்கப்பூர்ல வந்து எறங்கினதே 1943 ஜூலை 2, போன மாசம் வந்த கதைல 1942 தீபாவளிக்கு தோட்டத்துல பேசுறார், அதுவும் சுத்தமான தமிழ்ல! அவர் பேச்ச கூட நின்னு ஒருத்தர் தமிழ்ல சொல்லுவார்யா.

ஒரு டீச்சர் அழகா எழுதியிருந்தாங்க. ரப்பர் மரத்துல பால் வெட்டுற அம்மா ஒண்ணு கூட்டத்துல கடைசில நிக்குது, நேதாஜி பேசுறது புரியல, தமிழ்ல சொல்றவர் வாயையே பாத்துக்கிட்டு நேதாஜி படை நிதிக்கு குடுக்க காதுத் தோட்ட கழட்டுது, திருகாணி வரல, எச்சில் தொட்டுத் திருகுது. நேதாஜி தள்ளி மேடைலயேதான் இருக்கார், அம்மா பக்கம் திரும்பக்கூட இல்ல. அந்தப் பக்கத்துல நான் பென்சிலே வெக்கல.

எழுத உக்காரும்போதே ஒரு தாள்ல வருஷம், மாசம் போட்டு நிஜ ஆளு அப்ப எங்க இருந்தார்னு குறிச்சு வைங்க, கெஞ்சிக் கேக்கறேன். தம்பி, கோவிச்சுக்காத, ஆகஸ்ட்ட ஏப்ரலா மாத்திடறேன்னு மெசேஜ் போட்டிருக்க, ஏப்ரல்ல அவர் ஜெயில்ல இருந்தார்டா.