முகத்தை மூடினால் யாருக்கு பிபி ஏறும்?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பகுதி சுகாதார செவிலியர் எழுதியிருக்கிறார். "புயல், டெங்கு, கொரோனா எது வந்தாலும் மேல இருக்கறவங்க பதற்றத்தைக் காட்டிக்கக் கூடாதுன்னு பயிற்சியில சொல்றாங்க. நானும் கல்லு மாதிரிதான் நிக்கிறேன். ஆனா என்னைப் பார்த்தாலே எனக்குக் கீழ வேலை பார்க்கற பிள்ளைங்க பதறுறாங்களே, ஏன் சார்?"

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான், தாண்டிவிடுவோம். அந்தப் பயத்தை முகத்துக்கு வரவிடாமல் அமுக்கினால் என்ன ஆகும் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறார். கையைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சைப் படத்தைப் போட்டுக் காட்டி, "பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது" என்று சிலரிடம் சொன்னார்கள். முகம் அடங்கியது. உள்ளே அருவருப்பு துளியும் குறையவில்லை. ரத்தக்குழாய்களின் இறுக்கம் கூடியது. 2000இல் வந்த இன்னொரு ஆய்வில், முகத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போது காதில் விழுந்த விவரங்கள் சரியாக நினைவில் நிற்கவில்லை. மருந்தின் அளவைக் காதில் வாங்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நான் மயங்கியது 2003இல் எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் வெளியிட்ட சோதனையில். முன்பின் தெரியாத இரண்டு பெண்களை உட்காரவைத்து, ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சு பற்றிய படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக, "உணர்ச்சியைக் காட்டாதே" என்று சொல்லியிருந்தார்கள். எதிரில் இருந்தவளுக்கு இந்தச் சங்கதியே தெரியாது. ஆனால் அவளுடைய ரத்த அழுத்தம் ஏறியது! அமுக்கியது ஒருத்தி, ஏறியது இன்னொருத்திக்கு.

காரணம் நம் கோயில் திருவிழாவிலேயே கிடக்கிறது. நாகஸ்வரக்காரர் ஒரு பிடி பிடித்தால் தவில்காரர் பதில் சொல்வார். நடுவில் தவில் நின்றுபோனால், வாசிப்பவர் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்ப்பார். பேச்சும் அப்படித்தான். "ம்", புருவத் தூக்கல், உச்சுக் கொட்டல் எல்லாம் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராதபோது, ஏதோ சரியில்லை என்று எதிராளியின் உடம்பு அவளுக்கு முன்பே உஷாராகிவிடுகிறது.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. கீழத்தஞ்சையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், பேர் வேண்டாம். என் சித்திக்கு அங்கேதான் வேலை. கரண்டு கம்பம் சாய்ந்து, ரோட்டில் தென்னை கிடக்க, எப்படியோ வந்து சேர்ந்த மருத்துவர், "ஒண்ணும் இல்ல, வேலையப் பாருங்க" என்றாராம், முகத்தில் எதையும் காட்டாமல். நல்ல மனுஷர்தான். ஆனால் அதைக் கேட்டதும் ஒரு பெண் ஓவென்று அழ ஆரம்பித்திருக்கிறாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் நடுங்குதுடி. வீட்டுல ஓடெல்லாம் போச்சு, மாடு எங்க கிடக்குன்னு தெரியல. ஆனா ஐ.எல்.ஆர். இன்னும் ஆறு டிகிரியிலதான் நிக்குது. ஜெனரேட்டர்ல டீசல் எவ்ளோ இருக்கு, பாரு" என்றிருக்கிறாள். ஐ.எல்.ஆர். என்பது தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி; உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அழுதவள் டீசல் பார்க்கப் போனாள்.

சித்தி செய்தது இரண்டு காரியம். பயத்துக்குப் பேர் வைத்தாள், உடனே கைக்கு ஒரு வேலை கொடுத்தாள். பேர் வைப்பதன் பலனை மேத்யூ லீபர்மேன் குழு 2007இல் மூளை ஸ்கேனிலேயே காட்டியது: கோபமோ பயமோ தெரியும் முகத்தைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அபாய மணி அடிக்கும் அமிக்டலாவின் துடிப்பு தணிகிறது. அதற்காகத் தலைவியே தலைவிரித்து அழுதால் அதுவும் தொற்றிக்கொள்ளும். சித்தி சொன்னது ஒரு வரிதான்.

 

ஒரு சிக்கலும் உண்டு. பட்லரே 2007இல் மறுபடி ஆராய்ந்தபோது, ஆசியப் பண்பாட்டு மதிப்புகளில் ஊறிய பெண்களிடம் இந்தப் பாதகம் குறைவாகவே தெரிந்தது. அடக்கம் பழகிய ஊரில் அடங்கிய முகம் அவ்வளவு மிரட்டாதோ? அப்படியானால் சித்தியின் மருத்துவமனையில் நடந்தது என்ன? அமெரிக்க ஆய்வகத்தில் உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இங்கேதான் அளக்க வேண்டும். "உணர்வுசார் நுண்ணறிவு" என்று பேனர் கட்டி, மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூட்டிவந்து, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்பும் காசில் நாலைந்து பிபி மிஷின் வாங்கிவிடலாம். வேதாரண்யத்துச் சகோதரி சம்மதித்தால், முதல் பட்டையை அவருடைய பிள்ளைகள் கையிலேயே கட்டிப் பார்க்கலாம்.