கிணற்றைக் குடித்தது பனையா?

போன வாரம் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் ஒரு கழனிக்கு மண், தண்ணீர் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மேற்கு வரப்பில் நின்ற 11 பனையும் அடியோடு காணோம். மழையில் வரப்பு இரண்டு இடத்தில் உடைந்து கிடந்தது. நிலத்துக்காரர் சென்னை தண்டையார்பேட்டைவாசி. "கிணத்துத் தண்ணிய பனை குடிச்சிடுது சார், மிச்சமும் உப்பு கரிக்குது. அதான் சூளைக்கு வித்துட்டேன்" என்றார். இந்த வருஷம் இதே கதையைக் கேட்பது நாலாவது தடவை.

ஐயா, மீஞ்சூர் நிலத்தடியில் கடல்தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வயலுக்கும் ஆலைக்கும் சென்னைக் குழாய்க்கும் போர் போட்டு உறிஞ்சினோம். நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் ஏறியது. பனை என்ன செய்யும்? அதற்கு ஆணிவேரே கிடையாது. எல்லாம் சல்லிவேர், எத்தனை வயசானாலும் பருத்து வரப்பைப் பிளக்காது, பாய் முடைந்த மாதிரி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் ஒரே கொத்து மட்டை, பயிரில் நிழல் ஓர் இடத்தில் நிற்காது. ராத்திரி ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். எலி வளை போட்ட வரப்பு என்ன ஆகும் என்று விவசாயிக்கு நான் சொல்லவா?

பனை மட்டுமில்லை, மற்ற மரங்களையும் காரணத்தோடுதான் வைத்தார்கள். வேலியில் நொச்சி வைத்தது ஆடு மாடு வாய் வைக்காது என்பதால். அதன் தழை நெல் குதிரில் பூச்சியைத் தள்ளி வைக்கும். புங்கன், வயல் சேற்றில் உரமாக மிதிக்கிற தழைக்கு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் வாழை. "அதெல்லாம் சாமி, பேய் சமாச்சாரம் சார்" என்றான் நிலத்துக்காரர் மகன். கொட்டகைப் பூவரசில் எந்தப் பேய் தம்பி இருக்கிறது? மாட்டுக்கு நிழல், அவ்வளவுதான்.

கோடாலி எடுப்பதற்கு முன் தயவுசெய்து வேளாண் அலுவலரை ஒரு வார்த்தை கேளுங்கள். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்ப வைப்பதானால் பனங்கொட்டையை வரப்பிலேயே நேராகப் புதையுங்கள். பாக்கெட்டில் வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள். முளை முதலில் ஆழத்துக்குத்தான் போகும், இலை பிறகுதான், பிடுங்கினால் செத்துவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மகன் கேட்டான், "காய்க்க எத்தனை வருஷம் சார்?"

"பதினஞ்சாவது ஆகும்."

"அதுக்குள்ள பிளாட் போட்டுடுவோம் சார்."