மாங்கனீசுக்கு அண்டையில் லித்தியம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் இரும்புச் சாமான் எதையும் கொண்டுபோகக் கூடாது என்கிறார்களே, அப்படியிருக்க லித்தியமும் மாங்கனீசும் கலந்த பேட்டரிப் பொருளை, அதே தத்துவத்தில் இயங்கி அணுக்கருக்களின் சிக்னலைப் பதிவுசெய்யும் என்.எம்.ஆர். கருவிக்குள் எப்படி வைக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த ஆக்சைடுகள் பாராகாந்தப் பொருட்கள். புறக்காந்தம் இருக்கும்வரை மெலிதாகக் காந்தமாகுமே தவிர, இரும்பைப் போலப் பாய்ந்து செல்லமாட்டா. ஆனால் தொல்லை வேறொரு வழியில் வருகிறது. இணைசேராத ஓர் எலெக்ட்ரானின் காந்த வலிமை புரோட்டானுடையதைப் போல் ஏறத்தாழ 658 மடங்கு என்பதால், அதன் அருகிலுள்ள அணுக்கருவின் சிக்னல் அகன்று கரைந்தே போய்விடக்கூடும்.

இதற்கு மருந்து சுழற்சி. 1.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிர்கோனியாக் குழாயில் சில மில்லிகிராம் தூளை அடைத்து, காந்தப்புலத்துக்கு 54.74 பாகை சாய்த்து, வாயுவை ஊதி நொடிக்கு 60,000 முறை சுழற்றினால், அகன்ற சிக்னல் கூர்மையான முகடுகளாகப் பிரிகிறது. உராய்வில் தூள் சூடாகும். சூடானால் பாராகாந்த முகடு இடம் மாறும். ஆகவே உள்ளிருக்கும் உண்மையான வெப்பநிலையை அறிய ஈய நைட்ரேட்டை வெப்பமானியாகப் பயன்படுத்துவதுண்டு.

சுழற்றியும் அழியாமல் எஞ்சும் பெயர்ச்சிதான், அதாவது லித்தியத்தின் முகடு வழக்கமான இடத்திலிருந்து விலகும் அளவுதான், இதில் சுவையான பகுதி. மாங்கனீசு நான்கு நேர்மின்னூட்டத்துடன் இருக்கும்போது, அதன் மூன்று தனித்த எலெக்ட்ரான்களும் ஆக்சிஜனின் பி-ஆர்பிட்டாலோடு (ஆர்பிட்டால் என்பது எலெக்ட்ரான் உலவும் இடம்; பி வகைக்கு இரு மடல்கள் உண்டு) பக்கவாட்டில் உறவாடுகின்றன. அந்த பி-ஆர்பிட்டாலின் மடல் மாங்கனீசு–ஆக்சிஜன் பிணைப்புக்குச் செங்குத்தாக நீள்கிறது. மாங்கனீசு–ஆக்சிஜன்–லித்தியம் கோணம் 90 பாகையாக இருந்தால், லித்தியம் அந்த மடலுக்கு நேர் எதிரே வந்துவிடும். எலெக்ட்ரானின் காந்தத்தன்மைக்கு மூலமான தற்சுழற்சியின் சிறு பங்கு லித்தியத்தின் எஸ்-ஆர்பிட்டாலுக்குள் கசிகிறது. அணுக்கருவையே தொடும் ஆர்பிட்டால் எஸ் ஒன்றுதான் என்பதால், அக்கசிவை அணுக்கரு நேரடியாக உணர்கிறது. கோணம் 180 பாகையானால் இந்த வழி அடைபட்டு, எதிர்த்திசையில் சிறிய விளைவே மிஞ்சும்.

லித்தியம் மாங்கனேட்டில் (Li₂MnO₃) கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாங்கனீசு அடுக்கிலேயே அமர்ந்த லித்தியத்தைச் சுற்றி 90 பாகையில் ஆறு மாங்கனீசுகள் இருக்கின்றன. முகடு சுமார் 1500 பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது இப்பெயர்ச்சியின் அலகு) வருவதால், தலைக்கு 250. அடுக்குகளுக்கு இடையிலுள்ள லித்தியத்துக்கு அத்தகைய அண்டை நான்கு, 180 பாகையில் இன்னும் நான்கு; பின்னவை ஒவ்வொன்றும் 60 அளவுக்குக் குறைப்பதாகக் கொண்டால் 760. அளவிட்டால் ஏறக்குறைய 750! பாராகாந்தம் இல்லாத லித்தியச் சேர்மங்களில் எல்லா முகடுகளும் சில பி.பி.எம். இடைவெளிக்குள் நெருங்கிக் கிடப்பதை எண்ணினால், தொல்லை என்று நினைத்த எலெக்ட்ரானே இங்கே அளவுகோலாகிறது என்பது விளங்கும்.

மூன்றே எலெக்ட்ரான் கொண்ட லித்தியத்தை எக்ஸ்-கதிர் சரியாகப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் படிகம் முழுவதன் சராசரியைத்தான் சொல்லும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிளேர் கிரே போன்றோர் இம்முறையை வளர்த்தெடுத்ததால்தான், லித்தியம் மிகுந்த நேர்மின்வாய்களைச் சார்ஜ் செய்யும்போது மாங்கனீசு அடுக்கில் இருக்கும் லித்தியமும் வெளியேறுவதைக் காண முடிந்தது. திரவ ஹீலியம் ஊற்றிப் பராமரிக்க வேண்டிய காந்தங்களுக்கு அரசுகள் செலவிடுவதை வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்த காலாண்டின் லாபத்தைக் கணக்கிடும் எந்த நிறுவனமும் ஆர்பிட்டால் கோணங்களை ஆராயப் பணம் ஒதுக்காது.